முன்னாள் மாணவர்கள் தரும் 8 லட்சம்: ஐந்து ஸ்மார்ட் போர்டா, ஒரு கணினி ஆய்வகமா?

குறிஞ்சி_கணக்கு:

வணக்கம். தென்காசிப் பக்கம் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி. 6 முதல் 10 வரை, வகுப்புக்கு இரண்டு பிரிவு, ஆக 10 பிரிவு. பிரிவுக்கு 38 பிள்ளைகள் வரை. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 8 லட்சம் தருகிறார்கள், ஒரே தடவை. அடுத்த வருடமும் வரும் என்று எண்ண வழியில்லை.

இப்போது இருப்பவை: ஆறாம் தலைமுறை ஐ3 கணினிகள் 9 (4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10, ஆன் ஆகி வேலைக்கு வர நாலு நிமிடம்). ஃபைபர் இணைய இணைப்பு 100 எம்பிபிஎஸ், அலுவலகக் கட்டடத்தில். ஆய்வகத்துக்கு ஒதுக்கக்கூடிய அறை 20க்கு 30 அடி, எதிர்க் கட்டடத்தில், இடையே சுமார் 60 மீட்டர். கரண்ட் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை போய் வரும். மழைக்காலத்தில் இடி அதிகம்.

கமிட்டி ஐந்து வகுப்பறைக்கு 65 அங்குல ஸ்மார்ட் போர்டு (பெரிய தொடுதிரை) வாங்கலாம் என்கிறது. ஆசிரியர்களில் பாதிப் பேர் ஆய்வகம் வேண்டும் என்கிறார்கள். எதை முதலில் வாங்குவது? மின்சார வேலைக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? பழைய 9 கணினிகளைத் தூக்கிப் போடுவதா? விலைப்பட்டியல் தருபவர்கள் யாரும் இதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை.

மணியடிச்சாச்சு:

போர்டா லேபா என்பதை ஒரு வாரம் தள்ளி வையுங்க டீச்சர். முதலில் கால அட்டவணையை எடுங்க.

நாளைக்கு 8 பாடவேளை, வாரத்துக்கு 40. ஆய்வகம் ஒன்றுதான் என்பதால் அதற்கும் 40தான். 10 பிரிவுக்கும் வாரம் இரண்டு வேளை கொடுத்தால் 20 போச்சு. ஆசிரியர்கள் பாடத்தைத் தாங்களே ஓட்டிப் பார்க்க 4, பழுது பார்க்க 2. மிச்சம் 14 இருக்கிறதே என்று தோன்றும். எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) பதிவு, இணையவழித் தேர்வு, உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் அதைத்தான் தின்னும். எமிஸுக்கென்று அலுவலகத்தில் ஒரு கணினியைத் தனியாக வைத்துவிடுங்க. இல்லையென்றால் ஆய்வகம் இரண்டாவது அலுவலகம் ஆகிவிடும், பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள்.

அடுத்து, 45 நிமிட வேளையில் கையில் கிடைப்பது எவ்வளவு? எதிர்க் கட்டடத்துக்கு வரிசையாக வந்து சேர 5 நிமிடம், உட்கார்ந்து நுழைய 5, மூடிவிட்டு வரிசையில் நிற்க 4. ஆக 31. கணினி ஆன் ஆகவே நாலு நிமிடம் என்றால் 27. அதனால் புதுக் கணினிக்கு முன்னால் பழையதற்கு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் போடும் வேகமான சேமிப்பு). முதல் மணிக்கு முன்பே எல்லாவற்றையும் ஆன் செய்து வைக்க ஒரு ஆளையும் இப்போதே குறித்துவிடுங்க.

38 பிள்ளைகள், கணினிக்கு இரண்டு பேர் என்றால் 19. ஆசிரியருக்கு ஒன்று, உதிரிக்கு ஒன்று, ஆக 21. உங்களிடம் 9 இருக்கிறது, 12 வாங்கினால் போதும். ஆளுக்கு ஒன்று என்ற ஆசையே வேண்டாம். ஜோடியில் ஒருவர் மௌஸ் பிடிக்க, மற்றவர் நோட்டில் எழுத வேண்டும், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கை மாற வேண்டும். இதை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லாவிட்டால் மௌஸ் வகுப்பு முழுக்க ஒரே கையில்தான் இருக்கும்.

எந்தப் பாடம் நடத்துவது என்பதைத் தேடி அலைய வேண்டாம். நம் பாடநூலிலேயே பல இயல்களின் கடைசியில் இணையச் செயல்பாடு பகுதி இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் அவற்றில் நிறைய ஜியோஜீப்ரா என்ற கணக்கு மென்பொருளில் செய்தவை. வகுப்புவாரியாக எந்த இயல், எந்த மாதம் என்று ஒரு தாளில் எழுதுங்க. அந்தத் தாள் நிரம்பாத வகுப்புக்கு இரண்டாவது வேளை கொடுக்காதீர்கள். தட்டச்சுப் பயிற்சி என்ற பெயரில் பெயின்ட் வரைந்துகொண்டிருப்பார்கள்.

என் கணக்கில் 8 லட்சம் இப்படிப் பிரியும்: கணினி, திரை, எஸ்எஸ்டி, ரேம் 4.5 லட்சம், மின்வேலை, யுபிஎஸ், கேபிள் 1.75 லட்சம், ஒரே ஒரு பெரிய திரையும் ஒலிபெருக்கியும் 50 ஆயிரம், மீதி 1.25 லட்சம் வங்கியில், பேட்டரிக்கும் உதிரிக்கும். அந்தக் கடைசித் தொகையைத்தான் கமிட்டி முதலில் வெட்டப் பார்க்கும். விடாதீர்கள்.

எர்த்பிட்:

மின்சாரம் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள், நீங்கள் கேட்டீர்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சுமை. பழைய டெஸ்க்டாப் திரையோடு சேர்த்து 90 வாட் என்று வையுங்கள். 9க்கு 810. புதிதாக வாங்கும் 12ஐயும் பெரிய கேபினட் வகையாக வாங்காமல் மினி பிசியாக வாங்கினால் திரையோடு 45 வாட்டுக்குள் அடங்கும், 540. மொத்தம் 1,350 வாட். 3 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ் தாராளம். 21ம் பெரிய கேபினட் என்றால் 1,900 வாட்டை நெருங்கும். பேட்டரியும் அதற்கேற்ப ஏறும், 5 கேவிஏ வாங்கச் சொல்வார்கள்.

பேட்டரி. 3 கேவிஏக்கு வழக்கமாக 12 வோல்ட் பேட்டரி 8. 42 ஆம்பியர்-மணி என்றால் 8 × 12 × 42 = 4,032 வாட்-மணி. இழப்பெல்லாம் போக 70 சதவீதம் கைக்கு வரும், 2,800 சொச்சம். 1,350 வாட் சுமைக்கு இரண்டு மணி நேரம். 26 ஆம்பியர்-மணி போட்டால் ஒன்றே கால் மணி நேரம். புதிதில் அதுவும் போதும்தான். மூன்றாவது வருடம் பேட்டரி கிழடாகும்போது ஒரு பாடவேளைக்குக்கூடத் தாங்காது. அதனால் 42 வாங்குங்கள்.

யுபிஎஸ் லைனில் மாட்டக் கூடாதவை: லேசர் பிரிண்டர், மின்விசிறி, புரொஜெக்டர். லேசர் பிரிண்டர் உள்ளே இருக்கும் சூடாக்கும் உருளை ஒவ்வொரு தடவையும் 1,000 வாட்டுக்கு மேல் சட்டென்று இழுக்கும். யுபிஎஸ் ஓவர்லோடு காட்டி எல்லாக் கணினியையும் சேர்த்து அணைத்துவிடும்.

அடிக்கடி நடக்கும் கோளாறு இன்னொன்று. 'காரணமே இல்லாமல் ஆர்சிசிபி டிரிப் ஆகிறது' என்பார்கள். ஆர்சிசிபி என்பது எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச். காரணம் இருக்கிறது. ஒவ்வொரு கணினியின் பவர் சப்ளையிலும் உள்ள ஃபில்டர் வழியாக அரை மில்லி ஆம்பியரிலிருந்து ஒரு மில்லி ஆம்பியர் வரை எப்போதும் எர்த்துக்குக் கசியும். அது பழுதல்ல, அமைப்பே அப்படி. 21 கணினியும் ஒரே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியில் தொங்கினால் கசிவு மட்டுமே 20 வரை வந்துவிடும். 30 என்று எழுதியிருந்தாலும் அது 15க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் டிரிப் ஆகலாம். எலக்ட்ரீஷியன் 'பொய் டிரிப்' என்று சொல்லி ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுப்பார். பிள்ளைகள் இருக்கும் அறையில் அது கூடவே கூடாது. நாலு சர்க்யூட்டாகப் பிரியுங்கள், ஒன்றுக்கு ஐந்தாறு கணினி, ஒவ்வொன்றுக்கும் தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்சிபிஓ (கசிவுக்கும் அதிகச் சுமைக்கும் சேர்த்துத் துண்டிப்பது). சி வகை வாங்குங்கள். எல்லாக் கணினியும் ஒன்றாக ஆன் ஆகும்போது வரும் பாய்ச்சலுக்கு பி வகை தாங்காது.

வயர்: பிளக் சர்க்யூட்டுக்கு 2.5 சதுர மி.மீ. தாமிரம், யுபிஎஸ் உள்வரவுக்கு 4. எர்த் தனிக்குழி. வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் மல்டிமீட்டர் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள், கணினிகள் ஓடும்போது. 3 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 10, 15 என்று காட்டினால் எர்த் சரியில்லை அல்லது நியூட்ரல் எங்கோ தளர்ந்திருக்கிறது. கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்று பிடிப்பதும் மதர்போர்டு போவதும் அங்கிருந்துதான். அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு என்று மின்வாரிய அட்டையில் பாருங்கள். பற்றாவிட்டால் கூடுதல் சுமைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

60 மீட்டர் விஷயம். கேட்6 என்ற தாமிர நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் போகும், அதனால் 'இழுத்துவிடலாம்' என்பார்கள். வேண்டாம். இரண்டு கட்டடத்துக்கும் எர்த் வேறு வேறு. பக்கத்தில் எங்கோ இடி விழுந்தால் அந்த வித்தியாசம் தாமிரக் கம்பி வழியாக ஓடி இரண்டு பக்கத்து நெட்வொர்க் ஸ்விட்சையும் எரித்துவிடும். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர்தான், முனைக்கு ஒன்றாக இரண்டு மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைத் தாமிரக் கேபிளோடு இணைக்கும் சிறு பெட்டி) போதும். உலோக உறை இல்லாத ஃபைபராகக் கேளுங்கள். உள்ளே இழுக்கும் கேட்6 முழுத் தாமிரமா என்று ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியத்துக்குத் தாமிரப் பூச்சு, திருப்பிக் கொடுங்கள்.

கோடை விடுமுறை: யுபிஎஸ்ஸை இரண்டு மாதம் முழுக்க அணைத்து வைத்தால் பேட்டரி தானாக வடிந்து கெட்டுப்போகும். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆறு மணி நேரம் சார்ஜில் போட வாட்ச்மேனிடம் சொல்லி, கையெழுத்து நோட்டு ஒன்று வையுங்கள். கேபிள் குழாய் வாய்களை இரும்புப் பஞ்சு வைத்து அடையுங்கள். எலிக்கு மே மாதம்தான் திருவிழா.

பெங்குவின்_வாத்தியார்:

பழைய ஒன்பதையும் தூக்கிப் போடாதீங்க டீச்சர். 240 ஜிபி எஸ்எஸ்டி, ரேம் 8 ஜிபி, பிறகு ஒரு தடவை தூசி தட்டி பிராசசருக்குப் புதுப் பேஸ்ட். இன்னும் நாலு வருடம் ஓடும். ரேம் வாங்குமுன் பழையது டிடிஆர்3ஆ டிடிஆர்4ஆ என்று கழற்றிப் பாருங்க. ஆறாம் தலைமுறையில் இரண்டும் உண்டு, ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது.

விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், உங்கள் ஐ3 தேறாது. அதனால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். அதில் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற வகையைப் போடுங்க. பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும். கேரளத்தில் ஐடி@ஸ்கூல் என்ற அரசுத் திட்டத்தின் காலத்திலிருந்து, 2017க்குப் பிறகு அதன் தொடர்ச்சியான கைட் நிறுவனம் வழியாக, அரசுப் பள்ளிகளில் லினக்ஸ்தான் ஓடுகிறது. செங்கோட்டை தாண்டினால் புளியரை, அதைத் தாண்டினால் அவர்கள் பள்ளி. உங்களுக்குப் பக்கம்தான், ஒரு சனிக்கிழமை அனுமதி கேட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். புது 12இலும் இதையே போடுங்க. ஒரே அறையில் இரண்டு விதம் இருந்தால் ஆசிரியர் பாதி வேளை 'உன் திரையில் எங்கே இருக்கு' என்று கேட்டே களைத்துவிடுவார். அலுவலகக் கணினி மட்டும் விண்டோஸில் இருக்கட்டும்.

போடும் முறை: ஒரு கணினியில் எல்லாம் நிறுவிச் சரிபார்த்துவிட்டு குளோன்சில்லா என்ற மென்பொருளில் பிம்பம் (வட்டின் முழு நகல்) எடுத்து மற்றதற்கெல்லாம் இறக்குங்க. பழைய வகைக்கு ஒரு பிம்பம், புது வகைக்கு ஒரு பிம்பம். இறக்கியதும் ஒவ்வொன்றின் ஹோஸ்ட்நேமையும் (நெட்வொர்க்கில் தெரியும் பெயர்) மாற்றுங்க, 01 முதல் 21 வரை. திரையின் மேல் அதே எண்ணை ஸ்டிக்கராக ஒட்டுங்க. இதை மறந்தால் 21ம் ஒரே பெயரில் நிற்கும், எது பழுது என்று தெரியாது. மாணவர் கணக்கு நிர்வாகி உரிமை இல்லாமல். பிம்பம் இருக்கும் ஹார்ட் டிஸ்க் இரண்டு, ஒன்று தலைமையாசிரியர் பீரோவில்.

உள்ளே என்ன: ஜியோஜீப்ரா கிளாசிக் 5 (இணையம் தேவையில்லை), லிப்ரே ஆஃபீஸ் (ஆவணம், கணக்குத்தாள்), ஸ்கிராட்ச் (பிள்ளைகளுக்கான நிரலாக்கம்). அறிவியலுக்கு ஃபெட் மாதிரிகள், திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள். கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தருவது, ஒவ்வொன்றும் ஒரே எச்டிஎம்எல் கோப்பு. மின்சுற்று, ஒளிவிலகல், அமில-கார அளவு எல்லாம் இறக்கி வைத்தால் பிரவுசரில் இரண்டு தடவை தட்டினால் ஓடும். பழைய ஜாவா வடிவத்தை மட்டும் எடுக்காதீங்க, திறக்காது. ஆசிரியர் கணினியில் கிவிக்ஸ் (இணையம் இல்லாமல் விக்கிப்பீடியா காட்டும் மென்பொருள்) போட்டுத் தமிழ் விக்கிப்பீடியா கோப்பை வைத்தால் இணையம் அறுந்த நாளிலும் அறை முழுக்கப் படிக்கலாம்.

வகுப்பைக் கையில் வைக்க வேயான் என்ற மென்பொருள். எல்லாத் திரையையும் ஆசிரியர் பார்க்கலாம், பூட்டலாம், தன் திரையைக் காட்டலாம். இலவசம். லினக்ஸில் திரையைக் காட்டும் முறை இரண்டு: வேலண்ட், எக்ஸ்11. வேயான் வேலண்டில் ஓடாது, எக்ஸ்11இல்தான் ஓடும். மின்ட் எக்ஸ்எஃப்சிஇ இயல்பாகவே எக்ஸ்11. இணைப்பு வரவில்லை என்றால் ஃபயர்வாலில் 11100 என்ற போர்ட் திறந்திருக்கிறதா பாருங்க.

இணையம்: ரவுட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக்கும் சேவை) 1.1.1.3 என்று மாற்றினால் ஆபாசத் தளங்களும் தீங்கான தளங்களும் பெரும்பாலும் அடைபடும். பயர்ஃபாக்ஸ் அமைப்பில் 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' அணைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது ரவுட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். 100 எம்பிபிஎஸ் உங்களுக்குப் போதும். 20 கணினியில் 720 தர வீடியோ ஓடினால்கூட 50 சொச்சம்தான். ஆனால் ஒரே வீடியோவை 20 திரையில் ஓடவிடுவதற்கு ஆய்வகம் எதற்கு, பெரிய திரையில் ஒரு தடவை போட்டால் போதுமே.

ஜூன் மாதம் திறந்ததும் வரும் வழக்கமான புகார்: 'நெட் இருக்கு, எந்தத் தளமும் திறக்கவில்லை, சான்றிதழ் பிழை என்கிறது.' தேதியைப் பாருங்க, பல வருடம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டு காசு பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துவிட்டது. பழைய ஒன்பதுக்கும் இப்போதே மாற்றிவிடுங்க.

குறிஞ்சி_கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். பள்ளியில் பழைய வினாத்தாள் எல்லாம் பாமினி, வானவில் எழுத்துருவில் இருக்கிறது. லினக்ஸில் திறந்தால் கிறுக்கலாக வருமே? இன்னொன்று, ஸ்மார்ட் போர்டு அறவே வேண்டாம் என்று கமிட்டியிடம் எப்படிச் சொல்வது?

பெங்குவின்_வாத்தியார்:

அந்த எழுத்துருக் கோப்பை நிறுவினால் திறக்கும், அச்சும் எடுக்கலாம். ஆனால் அதில் புதிதாக எதையும் அடிக்கவிடாதீங்க. தமிழக அரசே 2010இல் யூனிகோடை (எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி திறக்கும் எழுத்துக் குறிமுறை) ஏற்றுவிட்டது. பழையவற்றை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றலாம். கணக்குக் குறியீடுகளும் இடையில் வரும் ஆங்கில எழுத்தும் சேர்ந்து சிதறும், ஒருவர் உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும். பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பிலேயே தமிழ்99 விசைப்பலகை முறை. மின்டில் ஐபஸ் எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருளை நிறுவினால் பட்டியலில் வரும். விசைப்பலகை ஸ்டிக்கர் ஆறு மாதத்தில் உரிந்துவிடும், சுவரில் பெரிய படமாக ஒட்டுங்க.

கடைசிப்பெஞ்சு:

போர்டுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் 65 அங்குலம் என்பதை மட்டும் கணக்குப் போட்டுக் கமிட்டி முன் வையுங்கள். அந்தத் திரையின் உயரம் 81 செ.மீ. எழுத்தை வாசிக்க வேண்டுமென்றால் கடைசி ஆள் திரை உயரத்தைப் போல ஆறு மடங்குக்குள் உட்கார வேண்டும், அதாவது 4.9 மீட்டர். நம் வகுப்பறை 20 அடி நீளம், 6 மீட்டர். கடைசி இரண்டு வரிசைக்குப் போர்டு வெறும் வெளிச்சம். 75 அங்குலத்துக்கு 5.6 மீட்டர். 86க்குத்தான் 6.4 வரும், அதன் விலை உங்கள் பட்ஜெட்டை விழுங்கும். புரொஜெக்டரில் அதே பணத்துக்குப் படம் பெரிதாகும். கேரளத்தில் 8 முதல் 12 வரை 45,000 வகுப்பறைகளைத் தொழில்நுட்ப அறையாக்கியபோது பெரும்பாலும் லேப்டாப், புரொஜெக்டர், ஸ்பீக்கர் என்றுதான் போனார்கள்.

புரொஜெக்டர் என்றால் வெளிச்சம் 3,500 லூமெனுக்குக் குறையாமல். திரைக்கு முன்னாலுள்ள டியூப் லைட்டுக்குத் தனி ஸ்விட்ச் போடுங்கள். இது இல்லாததால் அறை முழுவதையும் இருட்டாக்குவார்கள், பிள்ளைகள் நோட்டு எழுத முடியாது. எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டருக்குள். தூசி வடிகட்டியை மாதம் ஒரு தடவை தட்டாவிட்டால் சூடாகித் தானே அணையும். ஸ்பீக்கரை மறக்காதீர்கள். நாலு மின்விசிறி ஓடும் அறையில் டிவியின் பின்பக்கம் பார்த்திருக்கும் ஒலிபெருக்கி மூன்றாம் பெஞ்சுக்கே எட்டாது.

கமிட்டிக்குப் போர்டு ஆசை தீராது என்றால் ஒன்றே ஒன்று, ஆய்வகத்திலேயே. உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டை நம்பாதீர்கள், மூன்று வருடத்தில் செயலிகள் நின்றுபோகும். ஆசிரியர் கணினியை எச்டிஎம்ஐயிலும் தொடுதிரை யுஎஸ்பியிலும் இணைத்து வைத்தால் ஆண்ட்ராய்டு செத்தாலும் போர்டு பிழைக்கும்.

அறையில் கணினிகளை மூன்று சுவரை ஒட்டி 'ப' வடிவில் போடுங்கள், திரை எல்லாம் நடுவைப் பார்த்து. ஜோடிக்கு 3.5 அடி, 19 இடத்துக்கு 66 அடிக்கு மேல் வரும். உங்கள் மூன்று சுவர் சேர்ந்து 80, மூலைகளில் வீணாவது போகச் சரியாக இருக்கும். தரையில் ஒரு வயரும் ஓடக் கூடாது. நடுவில் கணினி இல்லாத இரண்டு நீள மேசை, எழுத.

மணியடிச்சாச்சு:

வாங்கும் உத்தரவில் விட்டுப்போகும் வரிகள் சிலவற்றைச் சேர்க்கிறேன். மூன்று வருடம் இடத்துக்கே வந்து பழுது பார்க்கும் வாரன்டி, தயாரிப்பாளர் பெயரில், கடைக்காரர் பெயரில் அல்ல. புகார் கொடுத்து மூன்று வேலை நாளுக்குள் சரியாகாவிட்டால் நாளொன்றுக்கு இவ்வளவு பிடித்தம் என்று தொகையோடு. பத்து சதவீதம் நிறுத்திவைத்து, 30 நாள் ஓடிய பிறகு கொடுப்பது. ஒவ்வொரு சீரியல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும், இருப்புப் பதிவேட்டில் ஏறிய பிறகே காசோலை.

பழுது நோட்டில் நாலு பத்தி போதும்: தேதி, கணினி எண், என்ன கோளாறு, எப்போது சரியானது. 9ஆம் வகுப்பிலிருந்து ஆறு பிள்ளைகளைத் தேர்ந்து கேபிள் மாற்ற, கீபோர்டு மாற்ற, பிம்பம் இறக்கப் பழக்குங்க. கேரளத்தில் 2018இல் லிட்டில் கைட்ஸ் என்று இதை ஒரு மாணவர் அமைப்பாகவே ஆக்கினார்கள். பவர் சப்ளையைத் திறப்பதும் யுபிஎஸ் பக்கம் போவதும் மட்டும் பிள்ளைகள் வேலையல்ல.

இலவசச் செயலி தருகிறோம், மாணவர் பெயரும் பெற்றோர் எண்ணும் தாருங்கள் என்று நிறுவனங்கள் வருவார்கள். 2023ஆம் வருடத்து தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைதான், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பட்டியலைத் தூக்கிக் கொடுக்கப் பள்ளிக்கு உரிமையில்லை. பழைய பேட்டரியையும் திரையையும் காயலான் கடைக்குப் போடாமல், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்க, தணிக்கையில் கேட்பார்கள்.

எர்த்பிட்:

ஒன்று விட்டுப்போச்சு. யுபிஎஸ்ஸைப் பிள்ளைகள் உட்காரும் அறைக்குள் வைக்காதீர்கள். பக்கத்தில் காற்றோட்டமுள்ள சிறு அறை, கதவுக்குப் பூட்டு. பேட்டரி அடுக்கு சுவரிலிருந்து அரை அடி தள்ளி. மேற்கு வெயில் அடிக்கும் சுவர் என்றால் அந்தப் பக்கமே வேண்டாம், சூட்டில் பேட்டரி ஆயுள் பாதியாகும்.